மாலுமிக் கயிற்று வளையல்: 12 ஊசி வைத்தால் நுனி ஏன் பாதியிலேயே திரும்பி வந்துவிடுகிறது?

நூல்கண்டு எழுதியது:

அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து கடற்கரை ஊர்களில் கோடைக்காலம் வந்தால் பலர் மணிக்கட்டிலும் ஒரு வெள்ளைப் பருத்திக் கயிற்று வளையல் இருக்கும். தொடக்கம் எது முடிவு எது என்று தெரியாதபடி பின்னியிருப்பார்கள், டர்க்ஸ் ஹெட் என்ற முடிச்சு. கனெக்டிகட்டில் இருக்கும் அக்கா மிஸ்டிக் ஊரிலிருந்து இரண்டு வாங்கி அனுப்பினாள். அந்த ஊர் அருங்காட்சியகத்தில்தான் 1841இல் கட்டிய சார்லஸ் டபிள்யூ. மார்கன் என்ற திமிங்கில வேட்டைக் கப்பல் நிற்கிறது, அந்த வகை மரக்கப்பல்களில் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். வளையலைப் பார்த்ததிலிருந்து இதை நானே செய்து பழக வேண்டும் என்று ஆசை.

கையில் சுற்றிப் பின்னும் முறை எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை, அதனால் ஒரு பிவிசி குழாய் மேல் தடித்த அட்டையைச் சுற்றி, மேல் ஓரத்தில் 12 குண்டூசி, கீழ் ஓரத்தில் 12 குண்டூசி, கீழே இருப்பவை மேலே இருப்பவற்றின் இடைவெளிக்கு நேராக வரும்படி குத்திக்கொண்டேன். மூன்று இழைப் பின்னல் வேண்டும். கயிற்றை மேலும் கீழுமாக ஊசிகளில் மாட்டிக்கொண்டே போனால், குழாயை ஒரே ஒரு முறை சுற்றியதுமே நுனி தொடங்கிய ஊசிக்கே வந்து நின்றுவிடுகிறது. மேலே 8 ஊசி, கீழே 8 ஊசி சும்மா நிற்கின்றன. பின்னலே விழவில்லை, வெறும் வளைந்து வளைந்து போகும் ஒரு கோடுதான் கிடைக்கிறது. எண்ணிக்கையில் ஏதோ சூட்சுமம் இருக்கிறது என்று தெரிகிறது, என்ன என்று புரியவில்லை.

கூடவே இன்னொரு கேள்வி. கடையில் மேக்ரமே (முடிச்சுப் போட்டுச் செய்யும் கைவேலை) கயிறு என்று கேட்டால் பத்து விதம் எடுத்துப் போடுகிறார்கள், எதை வாங்குவது, எவ்வளவு நீளம் வெட்டுவது? செய்து பழகியவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மூன்றுபுரி எழுதியது:

நீங்கள் மாட்டிய விதம் சரிதான், 12 என்ற எண்தான் இதற்கு ஒத்துவராது. இந்த முடிச்சில் கணக்கு முக்கியம், அது புரிந்துவிட்டால் எந்த அளவிலும் நீங்களே செய்துகொள்ளலாம், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

டர்க்ஸ் ஹெட்டுக்கு இரண்டு எண்கள். பட்டையின் குறுக்கே வெட்டிப் பார்த்தால் எத்தனை இழை இருக்கிறதோ அது லீட். ஓரத்தில் எத்தனை வளைவு தெரிகிறதோ அது பைட், அதாவது உங்கள் குண்டூசியின் எண்ணிக்கை. 3 லீட் என்றால் ஒரே கயிறு குழாயை மொத்தம் 3 முறை சுற்றி வந்த பிறகுதான் மூட வேண்டும். மேல் ஓரத்தில் ஓர் ஊசியில் தொடங்கிக் கீழே இறங்கி மறுபடி மேலே ஏறினால் சரியாக 3 ஊசி தள்ளி வந்திருப்பீர்கள். ஊசிகளுக்கு 0 முதல் 11 வரை எண் எழுதிக்கொண்டு பாருங்கள், 0, 3, 6, 9, அடுத்தது 12, அதாவது மறுபடி 0. நான்கு ஊசியோடு கதை முடிந்துவிட்டது, மற்ற எட்டுக்குப் போகவே வழியில்லை.

இப்போது ஓர் ஊசியைக் குறைத்து மேலே 11, கீழே 11 என்று வைத்துப் பாருங்கள். 0, 3, 6, 9, 1, 4, 7, 10, 2, 5, 8, அப்புறம்தான் 0. எல்லா ஊசியும் ஒரு தடவை வந்துவிட்டது, குழாயும் மூன்று சுற்று ஆகிவிட்டது. லீட் எண்ணையும் பைட் எண்ணையும் 1ஐத் தவிர வேறு எந்த எண்ணும் பொதுவாக வகுக்கக்கூடாது, அவ்வளவுதான் விதி. 3 லீட்டுக்கு 4, 5, 7, 8, 10, 11 எல்லாம் ஆகும், 6, 9, 12 ஆகாது. திமிங்கில வேட்டைக்குப் பேர்போன நியூ பெட்ஃபோர்ட் ஊரில் பிறந்த கிளிஃபோர்ட் ஆஷ்லி 1944இல் வெளிவந்த தன் பெரிய முடிச்சுப் புத்தகத்தில் இந்தப் பொது வகுஎண் விதியை விளக்கியிருக்கிறார், முடிச்சுப் பழகுகிறவர்களுக்கு இன்றைக்கும் அதுதான் முதல் நூல்.

ஆனால் உங்கள் 12 ஊசி அட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மூன்று நிறத்தில் மூன்று கயிறு எடுத்து, ஒன்றை 0வில், ஒன்றை 1இல், ஒன்றை 2இல் தொடங்கினால் மூன்று தனி வளையங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு அழகாக வரும். இதையே 3 லீட் 3 பைட்டில் செய்தால் போரோமியன் வளையங்கள் என்று கணிதத்தில் பெயர் பெற்ற அமைப்பு கிடைக்கும். அதில் எந்த இரண்டு வளையமும் தனியாகக் கோத்துக்கொண்டிருக்காது, மூன்றில் எந்த ஒன்றை வெட்டினாலும் மற்ற இரண்டும் தானாகக் கழன்றுவிடும். எனக்கு இந்த முடிச்சின் மேல் பிரியம் வந்ததே இதனால்தான், கப்பலில் கயிற்றோடு உட்கார்ந்திருந்தவர்கள் கையால் கண்டுபிடித்து வைத்திருந்ததைக் கணிதக்காரர்கள் பிறகு தாளில் எழுதிப் பார்த்தார்கள்.

இனி மேலே கீழே போகும் ஒழுங்கு. 3 லீட்டில் இதற்கு ஒரே ஒரு விதி போதும். கிளம்பிய ஓரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் குறுக்கீட்டில் மேலே போ, போய்ச் சேரும் ஓரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் குறுக்கீட்டில் கீழே போ. இறங்கும்போதும் இதுதான், ஏறும்போதும் இதுதான். முதல் சுற்றில் குறுக்கே எதுவும் இருக்காது, அதனால் நேராகப் போகலாம். இரண்டாம் சுற்றில் பாதி இடங்களிலும் மூன்றாம் சுற்றில் எல்லா இடங்களிலும் குறுக்கீடு வரும். நுனி 0வுக்கு வந்து சேர்ந்ததும் குழாயைச் சுற்றிப் பார்த்தால் தலைக்குப் பின்னும் மூன்றுகால் சடை மாதிரியே இருக்க வேண்டும். ஓரிடத்தில் மேல் மேல் என்று இரண்டு தடவை தொடர்ந்து வந்திருந்தால் அங்கே வழுக்கும், அதை அப்போதே பிரித்துச் சரிசெய்துவிடுங்கள், பின்னால் முடியாது.

அது முடிந்ததும் ஊசிகளைப் பிடுங்கிவிட்டு, அதே நுனியால் முதல் இழையை ஒட்டியே இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை என்று போக வேண்டும். முதல் இழைக்கு இடப்பக்கம் ஒட்டிக்கொண்டு தொடங்கினால் கடைசிவரை இடப்பக்கம்தான். நடுவில் பக்கம் மாறினால் அந்த இடத்தில் ஒரு முறுக்கு தெரியும்.

மேல்தளம் எழுதியது:

நான் சரக்குக் கப்பலில் போசன் (மேல்தளத் தொழிலாளர்களின் மேற்பார்வையாளர்) வேலை பார்க்கிறேன், அதனால் கயிறு என்றால் பேசாமல் இருக்க முடியாது. மூன்றுபுரி சார் கணக்கைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் சொல்ல வருவது இறுக்கும் வேலையைப் பற்றி, ஏனென்றால் பின்னுவது இதில் கால்பங்கு வேலைதான், முக்கால்பங்கு வேலை இறுக்குவதில் இருக்கிறது. அதைப் பொறுமையாகச் செய்யாத வளையல் எவ்வளவு நல்ல கயிறாக இருந்தாலும் தொளதொளவென்றுதான் இருக்கும்.

மூன்று தடவை பின்னி முடித்ததும் நுனியைப் பிடித்து இழுக்காதீர்கள். இழுத்தால் பக்கத்தில் இருக்கும் ஒரு வளைவு மட்டும் இறுகி உள்ளே போய்விடும், எதிர்ப்பக்கம் அப்படியே தொளதொளவென்று நிற்கும். தொடங்கிய இடத்திலிருந்து ஒரு குறுக்கீட்டில் கொஞ்சம் தளர்ச்சியை எடுத்து அடுத்ததற்குத் தள்ள வேண்டும், அங்கிருந்து அதற்கு அடுத்தது, இப்படியே கயிறு போன வழியிலேயே முழுவதும் போய், சேர்ந்த தளர்ச்சியைக் கடைசியில் நுனி வழியாக வெளியே எடுக்க வேண்டும். ஒரு தடவையில் அதிகம் எடுக்காதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாக, திரும்பத் திரும்ப, முழுவதும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே செய்யுங்கள். குழாயிலிருந்து கழற்றாமலே இதைச் செய்ய வேண்டும், கழற்றிவிட்டு இறுக்கினால் ஆளுக்கொரு பக்கம் கோணிக்கொள்ளும்.

கருவி என்று பார்த்தால் கப்பலில் எங்களுக்கு மார்லின்ஸ்பைக் என்ற கூர்மையான இரும்பு முள்ளும், ஃபிட் என்ற மரத்தாலான முள்ளும் இருக்கும். 3 மில்லிமீட்டர் கயிற்றுக்கு அதெல்லாம் பெரிது. கோணி ஊசி ஒன்று வாங்கி முனையைத் தரையில் தேய்த்து மழுங்கடித்துக்கொள்ளுங்கள், அது போதும். முனை கூராக இருந்தால் கயிற்றின் இழைகளைக் குத்திப் பிரித்துவிடும்.

இந்த முடிச்சைக் கப்பலில் அலங்காரத்துக்கு மட்டும் போடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பழைய பாய்மரக் கப்பல்களின் சுக்கான் சக்கரத்தில் கைப்பிடிகள் சுற்றிலும் நீட்டிக்கொண்டிருக்கும். சுக்கான் நேராக நிற்கும்போது உச்சியில் வரும் அந்த ஒரு கைப்பிடியில் மட்டும் டர்க்ஸ் ஹெட் போட்டு வைப்பார்கள், அதற்கு கிங் ஸ்போக் என்று பெயர். கும்மிருட்டில் மழையில் விளக்கு இல்லாமல் சக்கரம் பிடிக்கிறவன் கையால் தடவியே சுக்கான் நேராக இருக்கிறதா என்று தெரிந்துகொள்வான். மணிக்கயிறு, கைப்பிடிகள், துடுப்பு, பெட்டிகளின் பிடிகயிறு எல்லாவற்றிலும் இதைப் பார்க்கலாம். திமிங்கிலக் கப்பல்கள் மூன்று நான்கு வருடம் கடலிலேயே கிடக்கும், திமிங்கிலம் தட்டுப்படாத நாட்களில் செய்ய வேலை குறைவு, கயிற்றுத் துண்டுக்குப் பஞ்சமில்லை. கைவேலை அங்கே வளர்ந்ததில் அதிசயம் இல்லை.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. இப்போது கப்பலில் வேலை நேரத்தில் வளையலோ மோதிரமோ எதுவும் போடக்கூடாது. கப்பலைத் துறையில் கட்டும்போது வின்ச்சில் (கயிறு இழுக்கும் இயந்திரத்தில்) ஓடும் கயிற்றில் மாட்டினால் கையோடு இழுத்துக்கொண்டு போய்விடும். நானும் ஓய்வு நேரத்தில் செய்வேன், போட்டுக்கொள்வது விடுமுறையில் வீட்டுக்கு வந்த பிறகுதான். உங்கள் வீட்டில் யாராவது இயந்திரங்களோடு வேலை செய்கிறார்கள் என்றால் இதைக் கழற்ற முடியாத அளவுக்கு இறுக்கமாகச் செய்து கொடுக்காதீர்கள்.

நூல்கண்டு எழுதியது:

மிக்க நன்றி இருவருக்கும். 11 ஊசி வைத்தேன், எண் வரிசை அப்படியே வந்தது, நுனி 0வில் வந்து நின்றபோது உண்மையாகவே மகிழ்ச்சியாக இருந்தது! மேலே கீழே விதியைத் தாளில் எழுதிப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டேன்.

ஆனால் நான் பயன்படுத்தியது வீட்டில் கிடந்த ஒரு முறுக்குக் கயிறு, நுழைக்க நுழைக்க முறுக்கு அவிழ்ந்து பஞ்சு பஞ்சாக வருகிறது. கயிறு பற்றி யாராவது சொல்லுங்கள். அப்புறம், அக்கா அனுப்பிய வளையலைப் போட்டுக்கொண்டு தண்ணீரில் நனைத்தால் சுருங்கிக் கைக்கு ஏற்றபடி ஆகிவிடும் என்றாள், அது எப்படி, எவ்வளவு பெரிதாகச் செய்ய வேண்டும்? என் பையனுக்கு 9 வயது, அவனுக்கும் ஒன்று செய்ய வேண்டும்.

திரிநூல் எழுதியது:

நான் சென்னையில் மேக்ரமே வேலை செய்து விற்கிறேன் தங்கச்சி, கயிற்றுக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்.

கடையில் மூன்று விதமாக இருக்கும். சிங்கிள் ஸ்ட்ராண்ட் என்பது மெல்லிய நூல்களை லேசாக முறுக்கி வைத்தது, சுவரில் தொங்கவிடும் வேலைக்கு, நுனியைச் சீவிக் குஞ்சம் விடுவதற்கு நல்லது. வளையலுக்கு ஆகவே ஆகாது, நீங்கள் சொல்லும் பஞ்சு பஞ்சு விவகாரம் அதில்தான் வரும். மூன்று புரி முறுக்குக் கயிறு பரவாயில்லை, ஆனால் ஒவ்வொரு தடவை நுழைக்கும்போதும் கொஞ்சம் முறுக்கு அவிழும், கையால் திரும்ப முறுக்கிக்கொண்டே போக வேண்டும். உங்களுக்கு வேண்டியது பின்னிய கயிறு, பிரெய்டட் என்று கேளுங்கள். உருண்டையாக, அழுத்தினால் கெட்டியாக இருக்க வேண்டும். அதிலும் ஒன்று கவனியுங்கள், வெளியே பருத்தி, உள்ளே பாலியெஸ்டர் நூல் வைத்து நிறைய வருகிறது. கடையில் ஒரு சிறு துண்டு கேட்டு வாங்கி வீட்டுக்கு வந்து நுனியில் நெருப்பு வைத்துப் பாருங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். பாலியெஸ்டர் இருந்தால் தண்ணீரில் சுருங்காது, நீங்கள் நினைக்கிற வளையல் வராது. சென்னைக்கு வர வாய்ப்பிருந்தால் பாரிமுனைப் பக்கம் கயிற்றுக் கடைகளில் தேடிப் பாருங்கள், கிலோ கணக்கில் வாங்கினால் மலிவு.

பருமன் 3 மில்லிமீட்டர் எடுங்கள். 63 மில்லிமீட்டர் பிவிசி குழாயின் சுற்றளவு ஏறக்குறைய 20 சென்டிமீட்டர். 3 லீட் என்றால் 3 சுற்று, அதை மூன்று தடவை பின்னினால் 9 சுற்று, அது 180 சென்டிமீட்டர். ஆனால் கயிறு நேராகப் போகாமல் சரிவாகத்தான் போகிறது, அதனால் ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் குறைவாக வைத்துக்கொண்டால் இரண்டரை மீட்டர். கையில் பிடிக்க, கடைசியில் நுனி இழுக்க எல்லாம் சேர்த்து மூன்றரை மீட்டராக வெட்டுங்கள். மிச்சம் ஆனால் பரவாயில்லை, குறைந்தால் ஒட்டுப்போட முடியாது. 3 மில்லிமீட்டருக்கு அந்தக் குழாயில் 11 பைட் சரியாக உட்காரும். 4 மில்லிமீட்டர் கயிறு என்றால் 8 பைட்டாக இறக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் மூன்றாவது தடவை நுழைக்க இடமே இருக்காது.

நுனியில் செல்லோடேப்பை இறுக்கமாகச் சுற்றிச் சாய்வாக வெட்டிக்கொண்டால் ஷூ லேஸ் முனை போல நுழையும்.

அளவுக்கு, பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, கை மிக அகலமாக இருக்கும் இடத்தில் நூல் சுற்றி அளந்து பாருங்கள். குழாயின் சுற்றளவு (அட்டை சுற்றியிருந்தால் அட்டைக்கு மேல்) அந்த அளவுக்குச் சமமாகவோ ஒரு நூல் கூடுதலாகவோ இருக்க வேண்டும், அப்போதுதான் கை உள்ளே நுழையும். பையனுக்கு அதைவிடச் சின்னக் குழாய் அல்லது எவர்சில்வர் டம்ளர் ஏதாவது எடுத்துக்கொள்ளலாம், பைட் எண்ணிக்கையை 8 அல்லது 10 ஆக்கிக்கொள்ளுங்கள், 9 வேண்டாம், அதுதான் கணக்கில் வராது என்று மேலே சொல்லிவிட்டார்களே.

சுருங்குவது எப்படி என்றால், பஞ்சு இழை தண்ணீரை இழுத்துக்கொண்டு பருமனாகும். கயிற்றில் ஒவ்வொரு நூலும் முறுக்கிக்கொண்டுதான் ஓடுகிறது. கயிறு பருத்தால் அந்த நூல் சுற்றிவர வேண்டிய தூரம் கூடும், நூலோ நீளாது, அதனால் கயிறு மொத்தமாக நீளத்தில் குறைகிறது. புதுக் கயிற்றில் ஆலையில் இழுத்துச் சுற்றியபோது ஏறிய விறைப்பும் முதல் தடவை சுடுதண்ணீர் பட்டதும் விட்டுவிடும், அதனால்தான் முதல் நனைப்பில்தான் அதிகம் சுருங்கும். அதனால் செய்வதற்கு முன்னால் கயிற்றைத் துவைக்காதீர்கள். பாய்மரக் காலத்தில் மழை வந்தால் இழுத்துக் கட்டிய சணல் கயிறுகளைத் தளர்த்திவிட மாலுமிகள் ஓடுவதும் இதே காரணத்துக்காகத்தான். 1586இல் ரோமில் புனித பேதுரு சதுக்கத்தில் எகிப்தியக் கல்தூணை நிறுத்தும்போது கயிறுகள் தளர்ந்துவிட, கூட்டத்தில் இருந்த ஒரு மாலுமி கயிற்றில் தண்ணீர் ஊற்றச் சொல்லிக் கத்தினான் என்று ஒரு கதை உண்டு. கதையோ நிஜமோ, கயிறு தெரிந்தவன் வாயிலிருந்து வரக்கூடிய வார்த்தைதான்.

வளையலைத் தனியாக நல்ல சுடுதண்ணீரில் ஊறவைத்து எடுத்து, கை பொறுக்கிற சூட்டுக்கு ஆறிய பிறகு போட்டுக்கொண்டு அப்படியே காயவிடுங்கள். கையில் போட்டுக்கொண்டு கொதிநீரில் விடுகிற வேலை வேண்டாம், பையனிடமும் சொல்லிவையுங்கள்.

நுனிகளுக்கு, இரண்டையும் வளையலின் உள்பக்கம் வரும்படி ஓர் இழைக்கு அடியில் கொண்டுவந்து, வெள்ளை நூலால் பக்கத்து இழையோடு சேர்த்து நாலைந்து தையல் போட்டு, ஒட்ட வெட்டி, ஒரு சொட்டு ஒட்டுப்பசை வையுங்கள்.

மேல்தளம் எழுதியது:

திரிநூல் அக்கா சொன்னதில் ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன், பசை வேண்டாம். பசை காய்ந்தால் கெட்டியாகி மணிக்கட்டின் உள்பக்கம் உரசும், தோல் மென்மையான இடம் அது. நனைத்துச் சுருங்கிய பிறகு பருத்தி பருத்தியைப் பிடித்துக்கொள்ளும் பிடி சாதாரணமானது இல்லை, தையல்கூட ஒரு பாதுகாப்புக்குத்தான். நுனியைக் குறைந்தது மூன்று குறுக்கீடு தாண்டி ஒளித்துவிட்டு வெட்டினால் எங்கேயும் போகாது. நனைப்பதற்கு முன்னால் வெட்டாதீர்கள், சுருங்கும்போது நுனி உள்ளே இழுத்துக்கொள்ளும், காய்ந்த பிறகு வெட்டுங்கள்.

திரிநூல் எழுதியது:

விற்பனைக்குக் கொடுக்கும்போது வாங்கியவர் திரும்ப வந்து நுனி வெளியே வந்துவிட்டது என்று சொல்வார், அதனால் நான் பசை வைக்கிறேன். வீட்டுக்குச் செய்வதற்குத் தம்பி சொல்வதுதான் நல்லது, தையலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காய்ந்த பிறகு வெட்ட வேண்டும் என்பது ரொம்பச் சரி.

சாரணர்_மாஸ்டர் எழுதியது:

குழாயும் ஊசியும் இல்லாமல் கையிலேயே செய்யும் முறையை யாரும் இன்னும் எழுதவில்லை. சாரணர் இயக்கத்தில் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் கழுத்துத் துணியை மாட்டும் தோல் வளையம் இதே 3 லீட் முடிச்சுதான், கில்வெல் வோகிள் என்போம். லண்டன் அருகே கில்வெல் பார்க்கில் 1920களின் தொடக்கத்தில் பில் ஷாங்க்லி என்பவர் உருவாக்கியது, அதில் தோல்வாரை இரண்டு தடவை பின்னுவோம். பிள்ளைகளுக்கு நான் கையிலேயேதான் சொல்லித் தருகிறேன், ஒரு தடவை விரல் பழகிவிட்டால் தாளும் பேனாவும் தேவைப்படாது.

இடது கையின் நான்கு விரல்களைச் சேர்த்துப் பிடித்து அதன் மேல் எக்ஸ் விழும்படி இரண்டு சுற்று சுற்றுங்கள். நுனியை முதல் சுற்றுக்கு அடியில் நுழைத்து இழுங்கள். கையைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் இரண்டு இழை இணையாக ஓடும். ஒன்றைப் பிடித்து மற்றதன் மேலே தாண்டவைத்தால் இடையில் ஒரு சின்ன ஜன்னல் திறக்கும், நுனியை அதற்குள் விடுங்கள். கொஞ்சம் நகர்ந்தால் மறுபடி இரண்டு இழை இணையாக வரும், இந்தத் தடவை எதிர்ப்பக்கமாகத் தாண்டவைத்து நுனியை விடுங்கள். இடம், வலம் என்று மாறி மாறிப் போக வேண்டும், இரண்டு தடவை ஒரே பக்கம் போனால் பின்னல் கெட்டுவிடும். நுனி தொடங்கிய இடத்தின் பக்கத்தில் வந்து சேரும்போது முதல் பின்னல் முடிந்தது.

வளையலுக்கு இன்னும் பெரிதாக வேண்டும் என்றால் மூடாமல் தாண்டலைத் தொடருங்கள். இடமும் வலமுமாக ஒரு ஜோடி முடிந்தால் 3 பைட் கூடியிருக்கும், 5இல் இருந்தால் 8, அப்புறம் 11. மூன்று மூன்றாகத்தான் கூடும் என்பதால் 5இல் தொடங்கியவர் 6க்கோ 9க்கோ 12க்கோ வரவே மாட்டார். கப்பல்காரர்களுக்குப் பொது வகுஎண் கணக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லாமல் இருந்தது இதனால்தான். குழாய் முறையில் நீங்களே எண்ணைத் தேர்ந்தெடுக்கிறீர்கள், அதனால்தான் கணக்குக் குறுக்கே வந்தது.

9 வயதுப் பையனுக்கு ஒரு வார்த்தை. வளர்கிற கை, அதனால் காய்ந்த பிறகும் ஒரு விரல் தாராளமாக உள்ளே போகிற அளவுக்கு விடுங்கள். நியூ இங்கிலாந்தில் பிள்ளைகள் கோடை முழுவதும் கழற்றாமல் போட்டிருந்து, வெயிலும் உப்புத்தண்ணீரும் பட்டு வெளுத்த பிறகு பள்ளி திறக்கும்போது வெட்டி எடுக்கிறார்கள் என்று படித்திருக்கிறேன். அங்கே காற்று வேறு, நம் ஊர் வேர்வைக்கு நாள்கணக்கில் ஈரமாக இருந்தால் தோலில் அரிப்பு வரும். கழற்றிக் காயவைக்கிற மாதிரி செய்து கொடுங்கள்.

நூல்கண்டு எழுதியது:

சாரணர் சார், நீங்கள் சொன்னபடி விரலில் முயன்றேன், ஜன்னல் திறக்கும் இடம் வந்ததும் புரிந்துவிட்டது. பையன் என்னைவிட வேகமாகப் பிடித்துக்கொண்டான். பிரெய்டட் கயிறு கோவையிலேயே ஒரு கடையில் கிடைத்தது, எரித்துப் பார்த்தேன், சுத்தப் பருத்திதான். மேல்தளம் அண்ணா சொன்ன மாதிரி தளர்ச்சியை ஓட்டிக்கொண்டே போனேன், முதல் தடவை ஒன்றும் மாறாத மாதிரி இருந்தது, திரும்பத் திரும்பச் செய்தபின் பட்டை முழுவதும் ஒரே சீராக வந்தது. அக்கா அனுப்பியதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

கடைசியாக ஒன்று. அக்கா அனுப்பிய இரண்டில் ஒன்று கொஞ்சம் அகலம், எண்ணிப் பார்த்தால் 4 லீட். அதற்கும் இதே ஊசி முறை வருமா?

மூன்றுபுரி எழுதியது:

வரும், மூன்று மாற்றம் மட்டும். 4 லீட்டுக்கு பைட் ஒற்றைப்படையாக இருந்தால் போதும், உங்கள் குழாய்க்கு 9 எடுங்கள். கீழ் ஊசிகளை இடைவெளிக்கு நேராகக் குத்தாமல் மேல் ஊசிகளுக்கு நேர் கீழேயே குத்துங்கள், ஏனென்றால் இதில் ஓரத்திலிருந்து ஓரத்துக்குப் போகும்போது முழுதாக 2 ஊசி தள்ளிப் போகிறோம். மேல் ஓர வரிசை 0, 4, 8, 3, 7, 2, 6, 1, 5, பிறகு 0. மேலே கீழே விதியும் மாறும், இறங்கும்போது மேல், கீழ், மேல், ஏறும்போது கீழ், மேல், கீழ். தாளில் இரண்டையும் தனித்தனியாக எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள், இங்கேதான் எல்லாரும் தடுமாறுவார்கள். சுற்று நான்காகிறது, அதனால் கயிறு ஐந்து மீட்டராக வெட்டிவிடுங்கள்.